ஊராட்சியின் ஓராண்டுக் கணக்கு: கட்டியதைச் சொன்னார்கள், காத்ததைச் சொல்லவில்லையே?

1. இட்டேரி | 2025 ஆகஸ்ட் 15, இரவு 9.10

இன்று கிராம சபைக்குப் போய் வந்தேன். எங்கள் ஊராட்சி திருப்பூரை ஒட்டியது. ஊர்ப் பெயர் வேண்டாம், குறை சொல்லி யாரையும் மாட்டிவிடும் நோக்கம் எனக்கில்லை.

மாகாளியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் பந்தல் போட்டிருந்தார்கள். ஓராண்டு வரவு செலவை வாசித்து முடிக்க நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. கை தூக்கச் சொன்னார்கள், தூக்கினோம். டீ குடித்தோம், கலைந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் அடங்கவில்லை.

என் காதில் விழுந்தவை இவை: தெற்கு வளவுக்கு (குடியிருப்புக்கு) கான்கிரீட் தெரு, அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர், பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை, புதிய எல்.இ.டி. விளக்குகள், ஓர் ஆழ்துளைக் கிணறு. எல்லாமே தேவையான வேலைகள். தெற்கு வளவுத் தடத்தில் ஐப்பசி மழைக்குப் பால் கேன் வைத்த வண்டிகள் சறுக்கி விழுந்ததை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். இப்போது அந்தத் தெருவில் கிழவிகள் சாயங்காலம் நடந்து போகிறார்கள். செய்தவர்களுக்கு மனமார நன்றி சொல்கிறேன்.

ஆனால் என் அம்மா நல்ல தண்ணீருக்காக எட்டு நாள் காத்திருக்கிறார். உப்புத் தண்ணீர் தினமும் வருகிறது. ஆற்றுத் தண்ணீர் வந்தாலும் எங்கள் மேட்டு வளவுக்கு ஏறுவதில்லை, பள்ளத்து வளவிலேயே நின்றுவிடுகிறது. ஜல் ஜீவன் திட்டத்தில் எங்கள் வீட்டுக்குக் குழாய் இணைப்பு கொடுத்துவிட்டார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. ஐந்து பேர் இருக்கும் வீட்டுக்கு 275 லிட்டர் வர வேண்டும். குழாய் பளபளப்பாக இருக்கிறது, தண்ணீரைத்தான் காணவில்லை.

மேல்நிலைத் தொட்டியின் தூணில் சுத்தம் செய்த தேதி எழுதும் கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது. புதிய விளக்குகளில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று எரியவில்லை. இவை எதுவும் வாசித்த கணக்கில் இல்லை. புதிதாகக் கட்டியதைச் சொல்கிறார்கள். ஏற்கெனவே இருப்பதை இந்த ஆண்டு எப்படிக் காத்தார்கள் என்று ஏன் சொல்வதில்லை? நாமும் ஏன் கேட்பதில்லை? உங்கள் ஊர்களில் எப்படி?

2. நொய்யல்கரை | ஆகஸ்ட் 15, இரவு 9.42

எங்கள் ஊரில் கூட்டம் நடந்ததே சந்தேகம். 3,001 முதல் 10,000 வரை மக்கள் உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 200 பேராவது வர வேண்டும் என்பது விதி. நாற்காலியில் இருந்தவர்கள் நாற்பது பேர். வருகைப் பதிவேடு மறுநாள் வீடு வீடாக வரும், நாமும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். நானும் போட்டிருக்கிறேன். இனிமேல் போடப் போவதில்லை.

3. பழைய எழுத்தர் | ஆகஸ்ட் 16, காலை 6.30

தம்பி இட்டேரி, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பல ஆண்டுகள் ஊராட்சிகளில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊராட்சியின் பணம் ஒரே பெட்டியில் இருப்பதில்லை. முதல் எண் கணக்கு பொது நிதி: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், மனைப்பிரிவுக் கட்டணம் எல்லாம் இதில்தான் சேரும். இரண்டாம் எண் கணக்கிலிருந்து மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மின்கட்டணம் போகும், கூட்டுக் குடிநீருக்காகக் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் போகும். திட்டங்களுக்கு வரும் பணம் தனிக் கணக்கு.

இதில் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. திட்டப் பணம் ஒரு வேலைக்கென்று பெயரெழுதித்தான் வரும். 15-ஆவது நிதிக்குழு மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் கட்டுப்பட்டது. மீதி 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்குச் செலவிடலாம், ஆனால் சம்பளத்துக்கோ அலுவலகச் செலவுக்கோ தொடக் கூடாது. அப்படியானால் டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? பழுதான வால்வு, எரிந்துபோன மோட்டார் காயில், குளோரின் பவுடர், இவற்றுக்கெல்லாம் அவசரத்துக்குக் கைவைக்க முடிவது பொது நிதியில்தான். அது உங்கள் வீட்டு வரி.

கட்டுமானத்துக்கு மதிப்பீடு உண்டு, பொறியாளர் அளவெடுப்பார், திறப்பு விழா உண்டு, கல்வெட்டும் உண்டு. வால்வு மாற்றியவனுக்கு இவை எதுவும் இல்லை. பதவியில் இருப்பவருக்குக் கட்டுவதில் ஆசை வருவது இயல்பு. அதைக் கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாக ஒன்று கட்டும்போதெல்லாம் பராமரிப்புச் செலவும் ஏறுகிறது. ஒரு போர்வெல் போட்டால் மாதாமாதம் கரண்ட் பில் வரும். கழிப்பறை கட்டினால் தண்ணீரும் கூட்டுவதற்கு ஆளும் வேண்டும். அந்தச் செலவை யாரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை.

அடுத்த முறை 'படிவம் 30' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பொது நிதிச் செலவு அதில்தான் கிராம சபையின் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். வாசித்தால் போதாது, கையில் வாங்கிப் பார்க்க வேண்டும்.

4. ஆறாம் வார்டு | ஆகஸ்ட் 16, காலை 8.15

இட்டேரி தம்பியின் ஊர்தான் நானும். போன மன்றத்தில் வார்டு உறுப்பினராக இருந்தேன். அதனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த எங்கள் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தனி அலுவலர் பொறுப்பில்தான் ஊராட்சி நடக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. எங்களைப் போல எத்தனையோ ஊராட்சிகள் அவர் ஒருவர் தலையில். முன்பு மேட்டு வளவில் தண்ணீர் வராவிட்டால் காலை ஐந்து மணிக்கு என் வீட்டு வாசலில் குடத்தோடு நிற்பார்கள். திட்டு வாங்கிக்கொண்டே ஆபரேட்டர் வீட்டுக்குப் போய் எழுப்பி வால்வைத் திருப்பச் சொல்வேன். இன்றைக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு எந்த வாசலுக்குப் போவது?

பணத்திலும் இடி விழுந்திருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கும் ஊராட்சிக்கே நிதிக்குழு மானியம் என்பது மத்திய அரசின் நிபந்தனை. தேர்தல் இல்லாத ஒவ்வொரு மாதமும் ஊருக்கு நட்டம்.

இன்னொன்று. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் திருத்தியதால் வந்தவள் நான். முதல் ஆண்டு கூட்டத்தில் வாய் திறக்கவே பயந்தேன். மூன்றாம் ஆண்டில் செலவுச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கற்ற கையோடு காலம் முடிந்துவிட்டது. அந்த ஆற்றாமை எனக்கு இன்னும் இருக்கிறது.

5. பேரூராட்சிக்காரன் | ஆகஸ்ட் 16, காலை 10.05

அக்கா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் மன்றம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். எங்கள் பேரூராட்சியில் 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது, கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். தெருவுக்குத் தெரு பேவர் பிளாக். சாக்கடையை யாரும் தூர்வாரவில்லை.

வரி மட்டும் அதே 2022-இல் ஏறியது. 600 சதுர அடிக்குள் இருக்கும் குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. என் வீடு இரண்டாம் வகை. தவறாமல் கட்டுகிறேன். கட்டிய பணம் எந்த வாய்க்காலில் போனது என்று கேட்கக் கிராம சபைகூட எங்களுக்கு இல்லை. பகுதி சபை என்று கொண்டுவந்தார்கள். எங்கள் வார்டில் முதல் கூட்டத்துக்குப் பிறகு எனக்கு அழைப்பே வந்ததில்லை.

6. கொரங்காட்டான் | ஆகஸ்ட் 16, மதியம் 1.20

காங்கேயம் பக்கம் இருந்து எழுதுகிறேன். எங்கள் ஊராட்சியின் ஆண்டுக் கணக்கில் நாய் என்ற சொல்லே இல்லை. எங்களுக்கு இந்த ஆண்டு முழுவதும் நாயைத் தவிர வேறு பேச்சில்லை.

வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கொரங்காடு என்பது கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப் புல் வளர்ந்திருக்கும், இடையிடையே வெள்வேல மரங்கள். ஆட்டைப் பட்டியில் அடைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிய பூமி இது. இப்போது நாய்க்கூட்டம் இரவில் வேலி நுழைந்து வருகிறது. என் பட்டியில் ஒரே இரவில் ஒன்பது ஆடுகள் போயின. கழுத்தில் கடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டன, தின்னக்கூட இல்லை. காலையில் என் மகள் போய்ப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை.

இழப்பீடு கேட்டுச் சாலையில் உட்கார்ந்தோம். அது வேண்டும்தான். ஆனால் நாய்கள் ஏன் பெருகின என்று ஊராட்சி யோசித்ததா? கறிக்கடைக் கழிவைச் சாக்கில் கட்டிப் பாலத்தடியில் வீசுகிறார்கள். அதைத் தின்று பழகிய நாய் கழிவு கிடைக்காத நாளில் பட்டிக்கு வருகிறது. கருத்தடை செய்யும் பொறுப்பு 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி உள்ளாட்சிக்கு உரியது. ஒரு கிராம ஊராட்சிக்கு அறுவைக் கூடம் ஏது, மருத்துவர் ஏது? பத்து ஊராட்சி சேர்ந்து ஒன்று நடத்தலாம் அல்லவா? ஊராட்சி ஒன்றியத்தில் பேச வேண்டிய செய்தி இது.

7. லைன்வீடு | ஆகஸ்ட் 16, இரவு 8.50

இட்டேரி சொன்ன மாதிரியான ஊர்தான் எங்களுடையதும். பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ஊராட்சி. எனக்குப் பன்னிரண்டு லைன் வீடுகள். ஒடிசா, பீகார் குடும்பங்கள் இருக்கின்றன, தேனி, திருவாரூர் குடும்பங்களும் இருக்கின்றன. எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும், எல்லோர் வீட்டிலும் குப்பை சேர்கிறது.

ஆனால் ஊராட்சிக்கு வரும் மானியத்துக்கு மக்கள்தொகைதான் முக்கிய அளவுகோல், அந்த எண்ணிக்கையோ 2011-ஆம் ஆண்டுடையது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். 2011-க்குப் பிறகு எங்கள் ஊரில் முளைத்த கம்பெனிகளையும் குடியிருப்புகளையும் விரல்விட்டு எண்ண முடியாது. அன்றைய ஊருக்குத் தரும் பணத்தில் இன்றைய ஊருக்குத் தண்ணீர் விடச் சொன்னால் எந்தத் தலைவராலும் அலுவலராலும் முடியாது. தண்ணீர்ப் பற்றாக்குறைக்கு வடக்கத்தியர்களைப் பழி சொல்லும் பேச்சு டீக்கடையில் அடிக்கடி காதில் விழுகிறது. அது அநியாயம். அவர்கள் உழைப்பில்தான் இந்த ஊரில் வாடகையும் வியாபாரமும் ஓடுகின்றன. எண்ணாமல் விட்டது அவர்கள் குற்றமா?

பழைய எழுத்தர் ஐயாவின் பதிவைப் படித்த பிறகு ஒன்றை ஒளிக்க மனம் வரவில்லை. என் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே வரி ரசீதுதான். அப்பா காலத்தில் ஓட்டு வீடாக இருந்தபோது போட்ட வரி. நான் மாற்றவில்லை, அவர்களும் கேட்கவில்லை. திங்கட்கிழமை போய்த் தனித்தனியாக வரி போடச் சொல்லி எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

8. நொய்யல்கரை | ஆகஸ்ட் 16, இரவு 9.15

லைன்வீடு அண்ணா, உங்கள் நேர்மைக்கு வணக்கம். ஆனால் நான் இப்படி நினைக்கிறேன்: தண்ணீரை ஒழுங்காக விடட்டும், பிறகு வரியை ஏற்றட்டும். எங்கள் ஊரில் பக்கத்து நகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து பாறைக்குழியில் கொட்டினார்கள். மழை பெய்து நாற்றம் கிளம்பியது, கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது. ஊரே கூடி லாரியை மறித்தோம். ஊராட்சி வாய் திறக்கவில்லை. சாயக் கழிவு நொய்யலை என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போன பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. இப்போது ஆற்றை விட்டுக் குழியைப் பிடித்திருக்கிறார்கள். ஊர்க் கிணற்றைக் காப்பாற்றப் பேசாத ஊராட்சிக்கு எதற்கு வரி?

9. பழைய எழுத்தர் | ஆகஸ்ட் 17, காலை 6.10

உங்கள் கோபம் நியாயம். ஆனால் வரியை நிறுத்துவது அதற்கு மருந்தல்ல. வரி கட்டாத ஊராட்சி இன்னும் பலவீனமாகும், லாரிக்காரனை எதிர்த்து நிற்கத் தெம்பில்லாமல் போகும். பாறைக்குழிக்கு எதிராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டீர்களா? போடாவிட்டால் அடுத்த கூட்டத்தில் போடுங்கள். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். கூட்டம் கூட்டி மறித்த சேதி ஒரு வாரத்தில் மறந்துபோகும். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது வழக்குக்குப் போனாலும் நிற்கும்.

கரண்ட் பில்லைப் பற்றி நேற்றே எழுத நினைத்தேன். ஊராட்சியின் சொந்தச் செலவில் பெரும்பங்கை மோட்டாரும் தெருவிளக்கும் விழுங்குகின்றன. இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தது மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை. 1996 முதல் 2006 வரை அங்கே தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 1.55 கோடி ரூபாயில் ஊராட்சியே வாங்கியது. வங்கியில் கடன் வாங்கினார்கள், மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றுக் கடனை அடைத்தார்கள். ஓர் ஊராட்சி கடன் வாங்கத் துணிந்தது எப்படி என்று அன்றைக்கு நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். கையில் சேமிப்பு இருந்தது, கணக்கு சுத்தமாக இருந்தது, வங்கி நம்பியது. எல்லா ஊருக்கும் காற்றாலை முடியாது. மோட்டாருக்குச் சூரியத் தகடாவது யோசிக்கலாம்.

10. அன்னூர்க் குட்டை | ஆகஸ்ட் 17, காலை 11.30

நல்லதையும் சொல்ல வேண்டும் அல்லவா? சரியாக ஓராண்டுக்கு முன்பு, 2024 ஆகஸ்ட் 17-இல், அத்திக்கடவு–அவினாசித் திட்டம் தொடங்கப்பட்டது. 1,916 கோடி ரூபாய், 1,045 குளம் குட்டைகள், காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியிலிருந்து 1.5 டி.எம்.சி. உபரி நீர். என் தாத்தா இதற்காக ஊர்வலம் போனவர், பார்க்காமலே போய்விட்டார். எங்கள் குட்டையில் குழாயிலிருந்து தண்ணீர் விழுந்த அன்று அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கி முகம் கழுவினார். அவர் அழுததை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஆனால் இந்த ஓராண்டில் நான் கண்டது, இட்டேரி சொன்னதேதான். தண்ணீரைக் குட்டை வரைக்கும் கொண்டுவருவது அரசு வேலை. குட்டையைக் குட்டையாக வைத்திருப்பது ஊராட்சி வேலை. எங்கள் கரையில் வேலிக்காத்தான் மண்டிக் கிடக்கிறது, ஒரு மூலையில் பழைய துணியும் பிளாஸ்டிக்கும். மதகுப் பலகை உடைந்து ஈரம் கசிகிறது. அறுபது ஆண்டு கேட்டு வாங்கிய தண்ணீர் அப்படிக் கசிவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இளைஞர்கள் நாங்கள் பத்துப் பேர் ஞாயிறுதோறும் இறங்குகிறோம். வேலிக்காத்தானை வேரோடு பிடுங்க எந்திரம் வேண்டும், அதற்கு ஊராட்சியிடம் மனு கொடுத்திருக்கிறோம். திட்டத்தில் விடுபட்ட குட்டைகள் இன்னும் காய்ந்துதான் கிடக்கின்றன. அந்த ஊர்க்காரர்கள் எங்கள் குட்டையை வந்து பார்த்துவிட்டுப் போகும்போது பேச நா எழுவதில்லை.

11. பேரூராட்சிக்காரன் | ஆகஸ்ட் 17, மதியம் 3.00

இட்டேரி ஊரை மாநகராட்சியோடு சேர்த்துவிட்டால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்களே?

12. ஆறாம் வார்டு | ஆகஸ்ட் 17, மாலை 5.40

சேர்த்தால் நூறு நாள் வேலை போய்விடும் தம்பி. அந்த 336 ரூபாய்க் கூலியில் மருந்து வாங்கும் கைம்பெண்கள் எங்கள் வளவில் இருக்கிறார்கள். வரியும் நகரத்து அளவுக்கு ஏறும். பெரிய குழாய் வரும் என்கிறார்கள், வரலாம். ஆனால் இன்றைக்கு வால்வு திருப்ப ஆளில்லாமல் வராத தண்ணீர் நாளைக்கு எத்தனை மைல் தள்ளி இருக்கும் அலுவலகத்தைக் கேட்டு வரும்?

13. இட்டேரி | ஆகஸ்ட் 19, இரவு 8.20

திங்கட்கிழமை ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். படிவம் 30 என்று கேட்டதும் செயலர் நிமிர்ந்து பார்த்தார். மறுக்கவில்லை. பக்கத்தில் உட்கார வைத்து, பதிவேட்டை எடுத்துக் காட்டினார். நகல் வேண்டுமென்றால் மனு எழுதிக் கொடுக்கச் சொன்னார், கொடுத்துவிட்டேன்.

அந்தப் பதிவேட்டைப் பார்த்த பிறகு என் எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கிறது. யாரும் திருடியதாக எனக்குத் தோன்றவில்லை. மின்கட்டணம் நான் நினைத்ததைவிடப் பல மடங்கு. பழுதுபார்ப்பு என்ற வரியில் அவ்வப்போது சின்னச் சின்னத் தொகைகள், அவ்வளவுதான். மேட்டு வளவுக்குத் தனி வால்வு வைக்க மதிப்பீடு போட்டு மேலே அனுப்பியிருப்பதாகச் செயலர் சொன்னார். பதில் வரவில்லை. ஒரு டேங்க் ஆபரேட்டர் மூன்று தொட்டி பார்க்கிறார். அவருக்குச் சம்பளம் இரண்டு மாதம் பாக்கி. தூணில் தேதி எழுதவில்லை என்று வெள்ளிக்கிழமை அவர் மேல்தான் எனக்குக் கோபம் இருந்தது.

தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும், ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்று செயலரே சொன்னார். எங்கள் தொட்டி முப்பதாயிரம் லிட்டர், ஆக 120 கிராம். பவுடர் இருப்பு இருக்கிறதாம். ஏறிக் கழுவத்தான் ஆள் கிடைக்கவில்லையாம். அக்டோபர் 2 கிராம சபையில் மூன்றைக் கேட்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன்: ஆபரேட்டர் சம்பள பாக்கி, மேட்டு வளவு வால்வு, தொட்டி கழுவிய தேதிகளை ஆண்டுக் கணக்கோடு சேர்த்து வாசிப்பது. அக்கா, உங்கள் காலத்தில் குளோரின் பார்க்கும் குப்பி ஒன்று வைத்திருந்தீர்களே, அது இருக்கிறதா?

14. ஆறாம் வார்டு | ஆகஸ்ட் 19, இரவு 9.05

இருக்கிறது தம்பி, பரணில் கிடக்கிறது. மருந்துச் சொட்டுதான் தீர்ந்துவிட்டது, மகனை வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். குளோரின் இருந்தால் வரும் மஞ்சள் நிறம் கடைசிக் குழாயிலும் தெரிய வேண்டும், தொட்டியடியில் மட்டும் தெரிந்தால் போதாது. நாளை மறுநாள் ஆற்றுத் தண்ணீர் விடும் முறை. காலை ஐந்தரைக்கு மேட்டு வளவுக் குழாயடிக்கு வந்துவிடுகிறேன். ஆபரேட்டரையும் கூப்பிடுங்கள். அவருக்கு வீட்டிலிருந்து காபி கொண்டு வருகிறேன்.